முந்நூற்றுப் பதினேழாம் வரி

“எப்பங்க அம்மணி?” என்று சென்னியப்பன் அன்று காலையில் மூன்றாம் முறையாகக் கேட்டார்.

மரகதவல்லி தலை நிமிரவில்லை. அவளுடைய மடியில் அவருடைய பணிக்குறிப்பேடு விரிந்திருந்தது. ஒவ்வொரு வரியின் கீழும் விரலை வைத்து, உதடசையப் படித்துக்கொண்டிருந்தாள்.

“படிச்சு முடிச்சதும்.”

“எத்தன வரி ஆச்சுங்க?”

“இருநூத்தி அறுபது.”

“இன்னும் நூத்தம்பதுக்கு மேல கெடக்குதே!”

“எழுதுனது நீங்கதானுங்ணா.”

சென்னியப்பன் கொட்டகையை விட்டு வெளியே வந்தார். ஓடுபாதையின் ஓரத்தில் நட்டிருந்த கம்பத்தில், காற்றின் போக்கைக் காட்டும் காற்றுப்பை அசையாமல் தொங்கியது. அதைப் பார்த்தார். மேற்கே பார்த்தார். மறுபடியும் காற்றுப்பையைப் பார்த்தார்.

வைகாசி மாதத்தின் கடைசி வாரம் அது. எந்த நாளிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கிவிடும். இறங்கினால் புரட்டாசி வரையில் ஓயாது. சுற்றிலும் நிற்கும் காற்றாலைகளுக்கு அது கொண்டாட்டம். இருநூறு கிலோகூட எடையில்லாத ஒரு விமானத்துக்கோ நான்கு மாதச் சிறை.

அந்த விமானம் கொட்டகைக்குள் நின்றது. மேலொரு சிறகும் கீழொரு சிறகுமாக இரண்டடுக்கு. நடுவே ஒருவர் மட்டும் அமரக்கூடிய இருக்கை. விலா எலும்பு போல் வரிசையாக வைத்த மரவிலாக்களின்மேல் துணி போர்த்தி, மஞ்சள் வண்ணம் பூசியிருந்தார். சென்னியப்பன் ஆறு ஆண்டுகளாக அதைத் தம் கையால் செய்திருந்தார்.

அதற்கு முன்பு முப்பத்துநான்கு ஆண்டுகள், பல்லடத்தில் ஒரு பட்டறை வைத்து விசைத்தறிகளுக்கு உதிரிப்பாகங்கள் கடைந்துகொடுத்தவர் அவர். எத்தனையோ ஆயிரம் பாகங்கள். முழுதாக ஒரு பொருளைச் செய்ததில்லை. அந்தக் குறை அவரை எங்கும் உட்காரவிடாமல் துரத்தியது. ஒரு நாள் முப்பத்தெட்டுத் தாள்கள் கொண்ட விமான வரைபடம் ஒன்றை வரவழைத்தார்.

முதல் விலாவைக் கைக்கணக்கிலேயே செய்து முடித்து, மரகதவல்லியிடம் கொண்டுவந்து காட்டினார். பெங்களூரில் விமானம் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் பதினான்கு ஆண்டுகள் சிறகுப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு வந்தவள் அவள். யாரோ ஒரு மில் முதலாளி போட்டுக் கைவிட்ட இந்த ஓடுபாதையையும் கொட்டகையையும் வாடகைக்கு எடுத்திருந்தாள். அவரைவிட இருபத்திரண்டு வயது இளையவள்.

அவள் அந்த விலாவை வரைபடத்தின்மேல் வைத்துப் பார்த்தாள்.

“இது எந்த விமானத்துக்குங்ணா?”

அவர் வரைபடத்தைக் காட்டினார்.

“இந்த விமானத்துக்கு இல்லீங்களே” என்றாள்.

மூன்று மில்லிமீட்டர் வேறுபாடு. மறுநாள் அவர் புதிய மரத்துண்டோடு வந்து நின்றார். அன்று முதல் அவள் குரு, அவர் சீடர். குருவை ‘அம்மணி’ என்று அழைக்கலாமா என்று ஒருமுறை கேட்டார். “வேல நல்லா இருந்தாச் செரி” என்றாள்.

அவளுடைய வழக்கங்கள் இரண்டு. எதை ஒட்டினாலும் அதே பசையில் இரண்டு மரத்துண்டுகளையும் உடன் ஒட்டி, பசை பிடித்திருக்கிறதா என்று மறுநாள் அவற்றை முறித்துப் பார்க்க வேண்டும். “நான் ஒட்டறதுக்கு வந்தனா, முறிக்கறதுக்கு வந்தனா?” என்று அவர் சலித்துக்கொண்டதுண்டு. அடுத்தது, செய்த வேலையைச் செய்த அன்றே ஒரு வரியில் எழுத வேண்டும். தொடக்கத்தில் அவர், ‘முதல் விலா ஒட்டப்பட்டது’ என்று எழுதினார்.

“யாரால?” என்று கேட்டாள்.

“வேற யாரு? நாந்தேன்.”

“அப்ப ‘ஒட்டினேன்’னு எழுதுங்க.”

அவ்வாறே எழுதினார். அறுத்தேன், இழைத்தேன், ஒட்டினேன், முறித்துப் பார்த்தேன், இறுக்கினேன் என்று நானூற்றுப் பன்னிரண்டு வரிகள். அவற்றையெல்லாம் படித்து முடித்துக் கடைசிப் பக்கத்தில் அவள் கையெழுத்திட்டால்தான் அந்த ஓடுபாதையில் விமானம் ஓடும். அது சட்டம் அன்று, அவளுடைய வழக்கம். ஆனால், கொட்டகையின் சாவி அவளிடம் இருந்தது.

அவர் தவிப்புக்குக் காற்று மட்டும் காரணமன்று. வேறோர் ஊரில் விமானம் ஓட்டப் பயின்று, சான்றும் பெற்றிருந்தார். வயது அறுபத்துமூன்று. இடக்கண்ணில் புரை தொடங்கியிருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தார். வரும் தை மாதத்தில் மறுபடியும் பரிசோதனை. அதில் தேறாவிட்டால், தாம் முழுதாகச் செய்த ஒரே பொருளைக் கொட்டகையில் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இடையில் காற்று ஓயும் புரட்டாசியைத் தாண்டினால் ஐப்பசியில் மழை. வாய்ப்பு என்பது சில காலைப்பொழுதுகள்தாம்.

காற்றுப்பை இலேசாக அசைந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அது மறுபடியும் தொங்கியது.

உள்ளிருந்து குரல் வந்தது. “முந்நூத்திப் பதினேழு. செத்த வாங்ணா.”

போனார். அவள் படித்தாள்:

“‘இடக் கீழ்ச்சிறகு, மூன்றாம் அறை. இழுவைக் கம்பியை இறுக்கினேன். பூட்டுக்கம்பி சுற்றியிருக்கும்.’”

“செரிதானுங்களே?”

“யார் சுத்துனாங்க?”

“நாந்தேன் சுத்துனேன்.”

“அப்படி எழுதலையே. மத்த பதினஞ்சுக்கும் ‘சுற்றினேன்’னு இருக்குது. இதுக்கு மட்டும் ‘சுற்றியிருக்கும்’.”

சிறகுக்குள் விலாக்களுக்கு இடையே உள்ள அறைகளில், சட்டம் கோணாமல் இருக்கக் குறுக்கே கம்பிகள் ஓடும். ஒவ்வொரு கம்பியையும் ஒரு பித்தளைத் திருகு முறுக்கி இறுக்கும். இயந்திரத்தின் அதிர்வில் அந்தத் திருகு தானே கழன்றுவிடாமல், மெல்லிய கம்பி ஒன்றை அதன்மேல் சுற்றிப் பூட்டுவார்கள். அதுதான் பூட்டுக்கம்பி. அத்தகைய திருகுகள் பதினாறு. அவற்றின்மேல் இப்போது துணி இருந்தது. துணியை விறைப்பாக்கும் பூச்சு இருந்தது. அதற்கும் மேல் மஞ்சள் வண்ணம் இருந்தது.

சென்னியப்பன் நினைத்துப் பார்த்தார். போன தை மாதம் அது. மூன்றாம் அறையில் கை வைத்திருந்தபோது, மைத்துனருக்கு நெஞ்சுவலி என்று தொலைபேசி வந்தது. போட்டது போட்டபடி ஓடினார். மைத்துனர் பிழைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் திரும்பி வந்து, நான்காம் அறையில் வேலையைத் தொடங்கினார். இரண்டு நாள் குறிப்பையும் சேர்த்து எழுதினார். தொலைபேசி ஒலித்தது பூட்டுக்கம்பி சுற்றுவதற்கு முன்பா, பின்பா? சுற்றியது கைக்கு நினைவிருந்தது. ஆனால், கைக்குப் பதினாறு சுற்றல்கள் நினைவிருந்தன.

“என்ற கை பொய் சொல்லாதுங்க அம்மணி.”

“கை ஒண்ணும் சொல்லலீங்ணா. நீங்கதான் எழுதியிருக்கீங்க.”

“ஒரு வார்த்தைக்காக ஆறு பூச்சுப் பூசுன துணியக் கிழிக்கச் சொல்றீங்களா?”

“நான் கிழிக்கச் சொல்லலையே. இந்த வரியச் செரி பண்ணிக் கொண்டாங்க. மிச்சத்தப் படிக்கறேன்.”

குறிப்பேட்டை அவரிடம் நீட்டினாள்.

அவர் வேலைமேசையில் போய் அமர்ந்தார். பேனாவைத் திறந்தார். ‘சுற்றியிருக்கும்’ என்பதில் கடைசி இரண்டெழுத்துகளை மாற்றினால் போதும். அடித்தல் திருத்தலுக்கும் அவள் ஒரு முறை வைத்திருந்தாள்: சுரண்டக் கூடாது; பழைய சொல் தெரியும்படி ஒரே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் புதிய சொல்லை எழுதி, கையெழுத்திட வேண்டும். முறை பிசகாமல் செய்தார். ‘சுற்றியிருக்கிறது.’ எழுத்து அழகாக விழுந்திருந்தது.

கொண்டுபோய்க் கொடுத்தார்.

அவள் படித்தாள். “எப்பப் பாத்தீங்க?”

“என்னதுங்க?”

“சுத்தியிருக்கறத. தேதி போடோணுமில்லீங்களா? எப்பப் பாத்தீங்க?”

சென்னியப்பனுக்குக் காது சூடேறியது. வாசலுக்குப் போனார், காற்றுப்பையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“ஏனுங்க அம்மணி, இலக்கணம் பாத்தாத்தான் ஏரோப்ளேன் பறக்குமுங்களா? நாளைக்குக் காத்து வந்துட்டா ‘ஏன் வந்தாய்’னு அதுக்கும் ஒரு வரி எழுதிக் காட்டட்டுங்களா?”

அவள் சிரித்தாள். பிறகு, ஒரு கெட்டித் துணியை எடுத்து, மேசைமேல் கிடந்த ஸ்பார்க் பிளக்கைத் துடைக்கத் தொடங்கினாள்.

“காலைல எத்தன மணிக்குக் கெளம்புனீங்க?”

“அஞ்சரைக்கு. ஏனுங்க?”

“அவசரமாவா?”

“காத்து வந்துடுமோன்னு பதறிக்கிட்டுத்தான் வந்தேன்.”

“வீட்டப் பூட்டுனீங்களா?”

“பூட்டியிருப்பேன்” என்றார் சென்னியப்பன்.

சொன்ன வாய் அப்படியே நின்றது.

அவள் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். சாவி இருந்தது. சாவி இருந்தால் பூட்டியதாக ஆகுமா? செருப்பைப் போட்டது நினைவிருந்தது. வண்டியை உதைத்தது நினைவிருந்தது. மனைவி இறந்தபின் அவர் தனியாகத்தான் இருந்தார். பூட்டாவிட்டால் பூட்ட வேறு ஆளில்லை. பத்தாயிரம் தடவையாவது பூட்டிய கதவு. பூட்டியிருப்பார். கட்டாயம் பூட்டியிருப்பார்.

கொட்டகைக்குள் நாலு நடை நடந்தார். ஸ்பானரை எடுத்தார், வைத்தார். தண்ணீர் குடித்தார்.

“ஒரு எட்டுப் போயிட்டு வந்தர்றனுங்க” என்றார்.

போக இருபத்திரண்டு கிலோமீட்டர், வர இருபத்திரண்டு. உச்சிவெயிலில் மொபெட்டை விரட்டிக்கொண்டு போனவர், மூன்று மணிக்குப் புழுதியும் வியர்வையுமாகத் திரும்பி வந்தார்.

“பூட்டித்தானுங்க இருந்துச்சு” என்றார்.

“பின்ன எதுக்குப் போனீங்க?”

சென்னியப்பன் அவளைப் பார்த்தார். விமானத்தைப் பார்த்தார். பிறகு, மேசையின் இழுப்பறையைத் திறந்து, துணி அறுக்கும் பிளேடை எடுத்தார்.

கீழ்ச்சிறகின் மூன்றாம் அறையை விரலால் சுண்டினார். மத்தளம் போல் ஒலித்தது. அவ்வளவு விறைப்பாக அந்தத் துணியை இழுத்து ஒட்ட அவருக்கு ஒன்பது நாள் ஆகியிருந்தது. மனத்துக்குள் கணக்குப் போட்டார். இன்று புதன். இன்றே கிழித்து, இன்றே ஒட்டுத்துணி வைத்தால், பூச்சுக் காய வியாழன், வெள்ளி, சனி. ஞாயிற்றுக்கிழமை காலையில் பறக்கலாம். காற்று மட்டும் நான்கு நாள் பொறுக்க வேண்டும்.

“டார்ச்சப் பிடிங்க அம்மணி.”

உள்ளங்கையளவு வட்டமாக அறுத்தார். மஞ்சள் துணி மடங்கி விழுந்தது. பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற ஒரு சிறிய கண்ணாடியை உள்ளே விட்டுத் திருப்பினார். முதலில் விலா தெரிந்தது, பிறகு வெறும் கம்பி, பிறகு பித்தளை.

திருகின்மேல் பூட்டுக்கம்பி சுற்றியிருந்தது. ஏழு சுற்று. முனை, துணியைக் குத்தாதபடி உள்நோக்கி மடக்கியிருந்தது. அப்படி மடக்குவது அவருடைய கைப்பழக்கம்.

“பாருங்க! பாருங்க அம்மணி! நாஞ் சொல்லலீங்களா? என்ற கை பொய் சொல்லாதுன்னு சொன்னனே!”

அவள் குனிந்து கண்ணாடியில் பார்த்தாள்.

“நல்லாச் சுத்தியிருக்கீங்க” என்றாள்.

அவர் உடனே நானூற்றுப் பதின்மூன்றாம் வரியை எழுதினார்: ‘மூன்றாம் அறையைத் திறந்தேன். பார்த்தேன். பூட்டுக்கம்பி சுற்றியிருக்கிறது.’ தேதியிட்டார். மாலைக்குள் ஒட்டுத்துணி வைத்து முதல் பூச்சையும் பூசினார்.

வியாழக்கிழமை காற்றுப்பை அசையவில்லை. வெள்ளிக்கிழமையும் அசையவில்லை. சென்னியப்பன் பூச்சின்மேல் மணிக்கொரு தரம் விரல் வைத்துப் பார்த்தார். மரகதவல்லி அவரை அதட்டி விலக்கினாள். சனிக்கிழமை மாலையில் மேற்கே மேகம் ஒருக்களித்துப் படுத்திருந்தது. “அது வெறும் மேகமுங்க” என்று யாரும் கேட்காமலேயே சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில், ஓடுபாதைக்குத் திரும்பும் சாலையிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. தென்னைகளின் ஓலையெல்லாம் கிழக்கே பறந்தது. மொபெட் பக்கவாட்டில் தள்ளாடியது. கம்பத்தில் காற்றுப்பை குழாய் போல் விறைத்து நின்றது.

கொட்டகைக்குள் வந்து தலைக்கவசத்தை மேசைமேல் போட்டார். அது உருண்டு கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

“பொதன்கெழமையே பறந்திருக்கலாம்” என்றார்.

மரகதவல்லி தகரக் கூரையின் தடதடப்புக்குக் காது கொடுத்தபடி நின்றாள்.

“கேக்குதுங்களா? பொதன்கெழம எல போட்டா எல அசையல. வியாழன், வெள்ளி, சனி, மூணு நாளும் அசையல. எல்லாம் நல்லாத்தான இருந்துச்சு! ஒரு சுத்து கொறஞ்சிருந்தாக்கூட மனசு ஆறும். ஒண்ணுமே இல்லாததுக்கு நாலு மாசம் போச்சு! என்ற கண்ணு அது வரைக்கும் காத்திருக்குமுங்களா?”

“தெரியாதுங்ணா.”

“பின்ன?”

“பொதன்கெழம அந்த வரியோட ஏறியிருந்தீங்கன்னா, மேல போய் எத்தன தடவ இடது பக்கம் திரும்பிப் பாத்திருப்பீங்க?”

சென்னியப்பன் குனிந்து தலைக்கவசத்தை எடுத்துத் துடைத்தார்.

அவள் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, கையெழுத்திட்டுத் தேதி போட்டாள்.

“இப்பப் போட்டு என்னங்க பிரயோசனம்?”

“இப்பத்தான படிச்சு முடிச்சேன்” என்றாள்.

நான்கு மாதமும் காற்று அடித்தது. சென்னியப்பன் ஒரு நாள் தவறாமல் வந்தார். விமானத்தைக் கட்டியிருந்த கயிறுகளை இழுத்துப் பார்ப்பார். சிறகுகளுக்கு இடையிலான கம்பிகள் கொட்டகைக்குள்ளேயே ரீங்கரிப்பதைக் கேட்டுக்கொண்டு நிற்பார். உட்காரமாட்டார். வீட்டில் இருந்தால் ஒவ்வொரு கண்ணாக மூடித் திறந்து, நாட்காட்டியின் எண்களைப் படிப்பார்.

ஆடியில் ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் எட்டிப் பார்த்து, “ஏனுங்க, ஆத்துத்தண்ணி வந்துருச்சுங்களா?” என்று கேட்டார்.

“வந்திருக்...” என்று தொடங்கிய சென்னியப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டார். எழுந்து போனார். குழாயைத் திறந்தார். கையை நீட்டினார். திரும்பி வந்து, “வருதுங்க” என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர் தம் மனைவியிடம், “மனுசனுக்கு என்னமோ ஆயிப்போச்சு” என்று சொன்னது மதிலைத் தாண்டிக் கேட்டது.

புரட்டாசி மூன்றாம் வாரம், செவ்வாய்க்கிழமை விடியலில் காற்றுப்பை தொங்கியது.

இருவரும் சேர்ந்து விமானத்தைத் தள்ளிக்கொண்டு ஓடுபாதைக்கு வந்தார்கள். சென்னியப்பன் அதை ஒருமுறை சுற்றி வந்தார். ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். இடக் கீழ்ச்சிறகில் ஒட்டுத்துணி வைத்த இடம், சற்றே அடர்ந்த மஞ்சளில் வட்டமாகத் தெரிந்தது. அங்கே அவர் நிற்கவில்லை.

இருக்கையில் ஏறி அமர்ந்து வாரைப் பூட்டினார். பூட்டியதை இழுத்துப் பார்த்தார். மரகதவல்லி சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையைப் பிடித்தபடி, குறிப்பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றாள். எதிரே தார்ப்பாதை நீண்டு கிடந்தது. அதன் முடிவில் பனைகள். பனைகளுக்கு மேல் வெளுத்துக்கொண்டிருந்த வானம்.

சென்னியப்பன் ஆறு ஆண்டுகளாகக் கேட்காத கேள்வியை அப்போது கேட்டார்.

“அம்மணி, இது பறக்குமுங்களா?”

அவள் குறிப்பேட்டைத் திறந்து, அடுத்த வெற்று வரியில் பேனாவைச் செருகி மூடினாள்.

“இறங்கி வந்து எழுதுங்ணா” என்றாள்.